சராசரி மழையும் மணி வடிவ வளைவரையும்

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். அவ்வரிசையின் பொருத்தத்தைச் செட்டிநாட்டு மண்ணில் பிறந்தவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொத்தமங்கலமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் வானம் பார்த்த பூமியில் அமைந்தவை. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இங்கில்லை. கண்மாயும் ஊரணியும் கிணறுமே இப்பகுதியின் உயிர்நாடிகள். அவற்றை நிரப்பும் பெரும்பொறுப்பு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தது.

புரட்டாசி முடியும் வேளையில் கண்மாய்க் கரையில் நிற்கும் பெரியவர் ஒருவர், கல்லூரியில் பயிலும் தம் பெயரனைப் பார்த்து, "தம்பி, இந்த வருசம் கண்மாய் பெருகுமா?" என்று கேட்பதாகக் கொள்வோம். பெயரன் புள்ளியியல் படிப்பவன். அவன் என்ன விடை கூறலாம்? "பெருகும்" என்றால் அது சோதிடம். "யாருக்குத் தெரியும்?" என்றால் அவன் படித்த படிப்பால் பயனில்லை. இவ்விரண்டுக்கும் இடையே நேர்மையான விடை ஒன்று உண்டு. அவ்விடையைத் தருவதே நிகழ்தகவு. அதனைக் கணக்கிட உதவும் கருவிகளுள் முதன்மையானது இயல்நிலைப் பரவல். அக்கருவி இயங்கும் முறையை மழைக் கணக்கைக் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சராசரி சொல்லாத செய்தி

தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்யும் மழையின் நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ 440 மில்லிமீட்டர் ஆகும். இவ்வெண்ணைச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் காண்கிறோம். ஆனால் இவ்வெண் மட்டும் உழவருக்குப் போதுமா?

இரண்டு ஊர்களை எண்ணிப் பார்ப்போம். ஓர் ஊரில் ஒவ்வோர் ஆண்டும் 430 முதல் 450 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. மற்றோர் ஊரில் ஓராண்டு 200, மறு ஆண்டு 680 எனப் பெய்கிறது. இரண்டு ஊர்களுக்கும் சராசரி 440தான். முதல் ஊரார் அச்சமின்றி நெல் விதைப்பர். இரண்டாம் ஊராரோ ஓராண்டு வறட்சியிலும் மறு ஆண்டு வெள்ளத்திலும் துன்புறுவர். எனவே, சராசரியோடு இன்னோர் எண்ணும் நமக்குத் தேவை. மழை தன் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்பதைக் காட்டும் எண் அது. அதற்குத் திட்ட விலக்கம் என்று பெயர். ஒவ்வோர் ஆண்டின் விலகலையும் வர்க்கப்படுத்தி, அவ்வர்க்கங்களின் சராசரியைக் கண்டு, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் கிடைக்கும்.

தமிழ்நாட்டு வடகிழக்குப் பருவமழையின் திட்ட விலக்கம் அதன் சராசரியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கணக்கின் எளிமை கருதி அதனை 110 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். இனி 440, 110 என்னும் இவ்விரண்டு எண்களே நம் கைப்பொருள்.

மணி வடிவம் வந்த வழி

பத்து நாணயங்களை ஒருசேரச் சுண்டினால், பத்தும் தலையாக விழுவதற்கு 1024 வாய்ப்புகளில் ஒரு வாய்ப்பே உண்டு. ஐந்து தலையும் ஐந்து பூவுமாக விழுவதற்கோ 252 வாய்ப்புகள் உள்ளன. நடுவில் வாய்ப்புகள் குவிகின்றன. இரு ஓரங்களிலும் அருகுகின்றன. நாணயங்களின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே போனால், இவ்வாய்ப்புகளைக் குறிக்கும் படம் கவிழ்த்து வைத்த மணியின் வடிவை அடைகிறது. இதனை 1733ஆம் ஆண்டில் கண்டு கூறியவர் ஆபிரகாம் தி மாவர் என்னும் கணித அறிஞர். வானியல் அளவீடுகளில் நேரும் பிழைகளும் இதே வடிவில் பரவுகின்றன என்னும் கருத்தில் காசு 1809இல் தம் கோட்பாட்டை அமைத்தார். பல சிறிய காரணங்கள் ஒன்றுகூடி ஒரு கூட்டுத்தொகையை உண்டாக்கும்போது அக்கூட்டுத்தொகை மணி வடிவப் பரவலை நெருங்கும் என்னும் பேருண்மையை லாப்லாசு நிறுவினார்.

நம் நாட்டில் புள்ளியியலும் வானிலையும் தொடக்கம் முதலே தோழமை பூண்டவை. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநராக விளங்கிய கில்பர்ட் வாக்கர் ஒரு கணித வல்லுநர். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த மகலனோபிசு, அதற்கு முன் கல்கத்தாவின் அலிப்பூர் வானிலை ஆய்வகத்தில் பணியாற்றியவர். வடவங்காளத்திலும் ஒரிசாவிலும் நேர்ந்த வெள்ளங்களை, நெடுங்கால மழைப் பதிவுகளைக் கொண்டு அவர் ஆராய்ந்தார். மழையை எண்ணால் அளந்து அறியும் இம்மரபில்தான் நம் கணக்கும் அமைகிறது.

ஒரு மாநிலத்தின் பருவமழை என்பது பல மழைமானி நிலையங்களில் பல நாட்களில் பெய்த மழையைத் திரட்டிக் கண்ட தொகை. சிறியன பல சேர்ந்த பெரிய தொகையாதலின் அது மணி வடிவப் பரவலை ஓரளவு பின்பற்றுகிறது.

கணக்கிடும் முறை

இயல்நிலை வளைவரைக்கும் அடிக்கோட்டுக்கும் இடைப்பட்ட மொத்தப் பரப்பு 1 ஆகும். இரண்டு மழையளவுகளுக்கு இடைப்பட்ட பரப்பே, மழை அவ்வளவுகளுக்குள் அமைவதற்கான நிகழ்தகவு. வளைவரையின் உயரம் நிகழ்தகவு அன்று, பரப்பே நிகழ்தகவு. ஆகவே, "மிகச் சரியாக 440 மில்லிமீட்டர் பெய்யும் நிகழ்தகவு யாது?" என்று வினவினால் விடை சுழியாகும். ஒரு கோட்டிற்குப் பரப்பு இல்லை அல்லவா?

ஒவ்வொரு சராசரிக்கும் ஒவ்வொரு திட்ட விலக்கத்திற்கும் தனித்தனி அட்டவணை அமைத்தல் இயலாது. எனவே எல்லா அளவுகளையும் பொது அளவுகோல் ஒன்றுக்கு மாற்றுகிறோம். அம்மாற்றம் இதுவே:

திட்ட மதிப்பு = (மழை அளவு – சராசரி) ÷ திட்ட விலக்கம்

ஓர் ஆண்டின் மழை சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கங்கள் தள்ளி நிற்கிறது என்பதையே திட்ட மதிப்பு கூறுகிறது. சராசரிக்குக் குறைந்தால் குறை எண். மிகுந்தால் மிகை எண். ஆங்கில நூல்களில் இது இசட் என்னும் எழுத்தால் குறிக்கப்படும். திட்ட மதிப்புக்கு இடப்புறம் அமையும் பரப்பை அட்டவணை தருகிறது. நமக்குத் தேவையான சில மதிப்புகள் கீழே தரப்பட்டுள்ளன.

திட்ட மதிப்பு – இடப்புறப் பரப்பு
–2.47 – 0.0068
–1.00 – 0.1587
–0.69 – 0.2451
–0.67 – 0.2514
–0.50 – 0.3085
0.00 – 0.5000
+1.00 – 0.8413
+1.45 – 0.9265
+2.12 – 0.9830

இனிப் பெரியவரின் வினாவுக்கு வருவோம்.

முதற்கணக்கு: குறைவதற்கான நிகழ்தகவு. மழை 330 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பயிர் வாடும் எனக் கொள்வோம். 330இலிருந்து 440ஐக் கழித்தால் –110. அதனை 110ஆல் வகுத்தால் –1.00. இதற்கு இடப்புறப் பரப்பு 0.1587. அதாவது, நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் இத்தகைய குறைவு நேரலாம். ஆறு ஆண்டுகளுக்கு ஓர் ஆண்டு என்று பெரியவரிடம் கூறினால் அவர் எளிதில் விளங்கிக்கொள்வார்.

இரண்டாம் கணக்கு: மிகுவதற்கான நிகழ்தகவு. மழை 600 மில்லிமீட்டரைத் தாண்டுமா? திட்ட மதிப்பு 160ஐ 110ஆல் வகுக்க வருவது, அதாவது 1.45. அட்டவணை தரும் 0.9265 இடப்புறப் பரப்பு. நாம் வேண்டுவதோ வலப்புறம். ஆகவே அதனை ஒன்றிலிருந்து கழிக்கிறோம், 0.0735 கிடைக்கிறது. ஏறத்தாழ 14 ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்தகைய பெருமழையை எதிர்பார்க்கலாம்.

மூன்றாம் கணக்கு: இடைப்பட்ட அளவு. மழை 385க்கும் 550க்கும் இடையில் அமைவது எவ்வளவு உறுதி? திட்ட மதிப்புகள் –0.50, +1.00. பெரிய பரப்பிலிருந்து சிறிய பரப்பைக் கழிக்க வேண்டும். 0.8413 – 0.3085 = 0.5328. இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் ஆண்டினும் சற்றே மிகுதி.

நான்காம் கணக்கு: தலைகீழ்க் கணக்கு. இதுவே உழவருக்கும் பொறியாளருக்கும் பெரிதும் பயன்படுவது. இங்கு நிகழ்தகவு தரப்படுகிறது. மழையளவைக் காண வேண்டும். நம் நாட்டில் பாசனத் திட்டங்களை வகுக்கும்போது, நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளாவது தவறாமல் கிடைக்கும் நீரளவையே கணக்கில் கொள்வது மரபு. இதனை 75 விழுக்காடு நம்பகத்தன்மை என்பர். அந்த அளவுக்குக் கீழே 25 விழுக்காடு பரப்பு இருக்க வேண்டும். அட்டவணையில் 0.25க்கு மிக அருகில் உள்ளது 0.2514, அதற்குரிய திட்ட மதிப்பு –0.67. சராசரி 440இலிருந்து 110இன் 0.67 மடங்கைக் கழித்தால் ஏறத்தாழ 366 மில்லிமீட்டர் கிடைக்கும். சராசரி 440ஐ நம்பித் திட்டமிடுபவர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏமாறுவார். 366ஐ நம்பித் திட்டமிடுபவர் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஏமாறுவார். சராசரிக்கும் நம்பகமான அளவுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை உணர்ந்தால் பாடத்தின் பாதியை உணர்ந்தவராவோம்.

மாணவர்களுக்கு ஓர் அறிவுரை. தேர்வில் இக்கணக்கைத் தவறவிடுவோர் பெரும்பாலும் வகுத்தலில் தவறுவதில்லை. எந்தப் பக்கத்துப் பரப்பு வேண்டும் என்பதில்தான் தவறுகின்றனர். எனவே, முதலில் மணி வடிவத்தை வரைந்து, சராசரியைக் குறித்து, வேண்டிய பகுதிக்கு நிழலிட்ட பிறகே அட்டவணையைப் பார்க்க வேண்டும். நிழலிட்ட பகுதி பாதிக்கும் குறைவாக இருக்கையில் விடை 0.5க்கு மேல் வந்தால், பிழை நேர்ந்துள்ளது என்பதைப் படமே காட்டிக்கொடுக்கும். விலக்க வர்க்கச் சராசரியைத் திட்ட விலக்கமாகக் கொண்டு வகுத்துவிடுவதும் அடிக்கடி நேரும் மற்றொரு பிழை. வர்க்கமூலம் எடுத்த பின்னரே வகுக்க வேண்டும்.

தில்லி அறிக்கையின் உட்பொருள்

ஆண்டுதோறும் கோடையில் வானிலைத் துறை வெளியிடும் தென்மேற்குப் பருவமழை அறிவிப்பையும் இக்கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 1971 முதல் 2020 வரையிலான பதிவுகளின்படி அம்மழையின் நாடு தழுவிய சராசரி 87 சென்டிமீட்டர். அதன் திட்ட விலக்கம் சராசரியில் ஏறத்தாழ 10 விழுக்காடு. சராசரியில் 96 முதல் 104 விழுக்காடு வரை பெய்தால் அது இயல்பான மழை. 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பற்றாக்குறை. 90 விழுக்காடு என்பது சராசரிக்கு மிகச் சரியாக ஒரு திட்ட விலக்கம் கீழே உள்ள அளவு. ஆதலின் பற்றாக்குறைக்கான நிகழ்தகவு 0.1587, அதாவது 16 விழுக்காடு. பழைய பதிவுகளை எண்ணி வானிலைத் துறை தரும் நீண்டகால நிகழ்தகவும் 16 விழுக்காடே. வளைவரை கூறியதும் வானம் பெய்ததும் இங்கே ஒத்துப்போகின்றன.

2015உம் 2016உம்

மீண்டும் நம் மாநிலத்திற்கு வருவோம். 2015ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட ஏறத்தாழ 53 விழுக்காடு மிகுதியாகப் பெய்தது. அவ்வாண்டு திசம்பர்த் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அம்மழையின் திட்ட மதிப்பு +2.12. அவ்வளவோ அதற்கு மேலோ பெய்வதற்கான நிகழ்தகவு 0.0170, ஏறத்தாழ 59 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. 2016இல் பெய்தது ஏறத்தாழ 168 மில்லிமீட்டர் மட்டுமே. சராசரியைவிட 62 விழுக்காடு குறைவு. திட்ட மதிப்பு –2.47, நிகழ்தகவு 0.0068. ஏறத்தாழ 147 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரத்தக்கது. 1876ஆம் ஆண்டுக்குப் பின் இவ்வளவு குறைந்த வடகிழக்குப் பருவமழை பதிவானதில்லை. 1876 என்பது எது? பெரியோர் இன்றும் நடுக்கத்தோடு நினைவுகூரும் தாது வருடப் பஞ்சத்தின் ஆண்டு. 140 ஆண்டு இடைவெளியில் வந்த இக்கொடிய வறட்சியை வளைவரை 147 என மதிப்பிடுகிறது. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

இங்கு ஓர் எச்சரிக்கை. "147 ஆண்டுகளுக்கு ஒருமுறை" என்பதற்கு, 2016இல் வந்துவிட்டதால் இனி 2163 வரை வராது என்பது பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் அதே சிறு வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கிறது. மேலும், வெள்ள ஆண்டையும் வறட்சி ஆண்டையும் அடுத்தடுத்துக் காணும் நிகழ்தகவை அறிய இரண்டு எண்களையும் பெருக்கிவிடலாம் என்று மாணவர் எண்ணக்கூடும். இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் அப்பெருக்கல் செல்லும். 2015இல் பசிபிக் கடலில் எல்நினோ என்னும் வெப்ப நிலை ஓங்கியிருந்தது. அது வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் துணை செய்வது. 2016இலோ கடல்களின் நிலை மாறியிருந்தது. வளைவரை எத்தனை முறை நேரும் என்பதைக் கூறும். ஏன் நேர்ந்தது என்பதைக் கூறாது.

மாநில எண்ணும் ஊர்க் கண்மாயும்

இதுவரை கண்ட எண்கள் மாநிலம் முழுமைக்கும் உரியவை. கொத்தமங்கலத்துக் கண்மாய்க்கு அவற்றை அப்படியே பொருத்தலாமா? பொருத்தலாகாது. மாநிலச் சராசரியில் ஓர் ஊரின் குறைவை மற்றோர் ஊரின் மிகுதி ஈடு செய்துவிடுகிறது. தனியோர் ஊருக்கு அந்த ஈடு இல்லை. ஆகவே ஊரின் திட்ட விலக்கம் மாநிலத்தினதைவிடப் பெரிதாகவே இருக்கும்.

விளக்கத்திற்காக, ஓர் ஊரின் சராசரியும் 440தான் என்றும், அதன் திட்ட விலக்கம் 160 என்றும் கொள்வோம். மழை 330க்குக் கீழே போவதற்கான திட்ட மதிப்பு இப்போது –0.69. நிகழ்தகவு 0.2451. மாநிலக் கணக்கில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நேர்ந்த குறைவு, ஊர்க் கணக்கில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நேர்கிறது. சராசரி மாறவில்லை, இடர் மட்டும் பெருகிவிட்டது. "மாநிலத்தில் இயல்பான மழை" என்று வானொலி அறிவித்த ஆண்டிலும் நம் ஊர்க் கண்மாய் காய்ந்து கிடந்ததைக் கண்டு மனம் வெதும்பியவர் பலர். வானொலி பொய் சொல்லவில்லை. அது கூறிய எண் நம் கண்மாயின் எண் அன்று.

மற்றுமொரு வரம்பையும் கருத வேண்டும். மணி வடிவ வளைவரை இரு புறமும் முடிவின்றி நீளும். மழையோ சுழிக்குக் கீழே பெய்யாது. மேற்கூறிய ஊர்க் கணக்கில் சுழியின் திட்ட மதிப்பு –2.75. அதற்கும் கீழே ஆயிரத்தில் மூன்று பங்கு பரப்பு எஞ்சுகிறது. பெய்ய இயலாத மழைக்கு வளைவரை ஒதுக்கிய இடம் அது. பருவம் முழுமைக்கும் இப்பிழை சிறிது. ஒரு நாள் மழையை எடுத்துக்கொண்டாலோ பெரும்பாலான நாட்களில் மழையே இல்லை. சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. அதற்கு இவ்வளவரை சிறிதும் பொருந்தாது. அத்தகைய இடங்களில் அறிஞர்கள் காமா பரவல் போன்ற வேறு பரவல்களைக் கையாள்வர். கருவியைக் கற்பதோடு அது செல்லாத இடத்தையும் கற்பதே முழுமையான கல்வி.

முடிவாக

பெயரன் இப்போது பெரியவருக்கு விடை கூறலாம்: "ஐயா, பெருகும் பெருகாது என்று உறுதியாகச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் நம் ஊர் மழைமானியின் முப்பது, நாற்பது ஆண்டுப் பதிவுகளைத் தந்தால், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகாமல் போகும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வேன். அதைக்கொண்டு எவ்வளவு நிலத்தில் நெல் விதைப்பது, எவ்வளவு நிலத்தைப் புன்செய்ப் பயிருக்கு விடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்."

இவ்விடையில் செருக்கும் இல்லை, சோர்வும் இல்லை. நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் மழைப் பதிவுகளைத் தேடித் திரட்டி, சராசரியும் திட்ட விலக்கமும் கண்டு, ஊராரிடம் ஒப்படைப்பாராயின் அது தேர்வுத் தாளுக்கு அப்பாற்பட்ட தொண்டாகும்.

நம் முன்னோர் திட்ட விலக்கம் என்னும் சொல்லை அறியார். ஆயினும், வீட்டுக் கூரையில் விழும் மழைநீரை முற்றத்தில் பிடித்து அண்டாக்களில் நிரப்பியும், ஊர்தோறும் ஊரணி வெட்டிக் கரை கட்டியும் வாழ்ந்த அவர்கள், சராசரி ஆண்டை மட்டும் நம்பி இருந்தவர்கள் அல்லர். நிறைந்த ஆண்டின் நீரைப் பொய்த்த ஆண்டுக்குக் காத்து வைத்தவர்கள். அவர்கள் பட்டறிவால் உணர்ந்ததை நாம் அட்டவணையால் உணர்கிறோம். உணர்ந்த பின் ஊரணியைத் தூர்வாராமல் விட்டுவிட்டால், நாம் போட்ட கணக்குத் தாளோடு நின்றுவிடும்.